தெளிந்ததெல்லாம் நல்ல நீரா? புனேயின் கலங்கல் தண்ணீர் கற்பிக்கும் பாடம்

ஆனி, ஆடி மாதங்களில் சஹ்யாத்ரி மலையில் மழை வலுத்துவிட்டால் புனே நகரத்துத் தமிழர் வீடுகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டப்படும். இரண்டே நாளில் அந்தத் துணி செம்மண் நிறமாகிவிடும். அதை அவிழ்த்து உதறிவிட்டு வேறு துணி கட்டுவார்கள். பக்கத்து வீட்டு மராத்தியக் குடும்பத்திலும் இதே வேலைதான் நடக்கும். "கடூள் பாணி" என்று அவர்கள் அலுத்துக் கொள்வார்கள். கலங்கல் தண்ணீர் என்பது அதன் பொருள்.

கட்கி ஆயுதத் தொழிற்சாலையிலும் தேஹு ரோடு ராணுவ டெப்போவிலும் வேலைக்கு வந்து குடியேறிய பழைய குடும்பங்களுக்கு இது புதிதல்ல. ராஸ்தா பேட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குமாஸ்தாக் குடும்பங்களுக்கும் பழகிப்போன தொல்லைதான். ஆனால் 2025 ஜனவரியில் சிங்ககட் சாலைப் பகுதியில் நடந்தது பழகிப்போன தொல்லை அல்ல. குடிநீரைப் பற்றி அதுவரை அலட்சியமாக இருந்தவர்களும் அப்போது திடுக்கிட்டு விழித்துக் கொண்டார்கள்.

குழாயில் துணி கட்டினால் போதுமா? கடையில் விற்கும் வடிகட்டியை மாட்டினால் கவலை தீர்ந்ததா? மண்ணை வடிகட்டுவது வேறு, நோயைத் தடுப்பது வேறு என்ற உண்மை எத்தனை பேருக்குத் தெரியும்? மாநகராட்சி செய்யவேண்டிய வேலையை வீட்டுக்காரன் எவ்வளவு தூரம் செய்ய முடியும்? இவை ஆராயத்தக்க கேள்விகள்.

மண் எங்கிருந்து வருகிறது?

புனே நகரின் தாகம் தீர்ப்பது முட்டா நதிப் படுகையில் உள்ள நான்கு அணைகள். கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் என்பன அவை. நான்கும் சேர்ந்து சுமார் 29 டி.எம்.சி. தண்ணீரைத் தேக்கக் கூடியவை. இவற்றில் நகரத்துக்கு மிக அருகில் இருப்பது கடக்வாஸ்லா. வெள்ளையர் காலத்தில், 1879-ல் முடிக்கப்பட்ட அணை அது. 1961 ஜூலை 12-ந் தேதி பான்ஷேத் அணை உடைந்தபோது அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்து புனே நகரம் மூழ்கியது. அதன் பிறகு கடக்வாஸ்லாவைப் புதுப்பித்துக் கட்டினார்கள்.

நான்கில் கொள்ளளவு மிகக் குறைந்ததும் கடக்வாஸ்லாதான். சுமார் 2 டி.எம்.சி.தான் அது தாங்கும். ஆனால் மேலே உள்ள மூன்று அணைகளின் தண்ணீரும் அதன் வழியாகத்தான் நகரத்துக்கு வந்தாக வேண்டும். பெரிய ஏரியில் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும், மண் அடியில் படியும். சிறிய ஏரியில் வெள்ளம் பாயும்போது மண் படிவதற்கு நேரம் கிடைப்பதில்லை. மலைச்சரிவில் அரித்துவரும் களிமண் அப்படியே குழாயை நோக்கிப் புறப்பட்டு விடுகிறது. பிம்பிரி சிஞ்ச்வட் பகுதிக்குத் தண்ணீர் தருவது பவனா அணை. அங்கும் மழைக்காலத்தில் இதே கதைதான்.

அணையைத் தவிர இன்னும் இரண்டு இடங்களிலிருந்து கசடு வருகிறது. ஒன்று, தெருவுக்கு அடியில் கிடக்கும் பழைய இரும்புக் குழாய்கள். அவற்றின் துரு தண்ணீரில் கலக்கிறது. மற்றொன்று, கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியும் மாடித் தொட்டியும். ஆண்டுக் கணக்கில் கழுவப்படாத தொட்டியின் அடியில் சேறு சேர்ந்து கிடக்கும். தண்ணீர் வேகமாக விழும்போது அது கலங்கி எழும்பும்.

எந்தக் கசடு எங்கிருந்து வந்தது என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்து விடலாம். மழை பெய்யும் வாரங்களில் நாள் முழுவதும் தண்ணீர் காவி நிறமாக வந்தால் அது அணையின் மண். தண்ணீர் திறந்துவிட்ட முதல் சில நிமிடங்கள் மட்டும் கலங்கலாக வந்து பிறகு தெளிந்தால் அது தெருக்குழாயின் கோளாறு. செம்பழுப்பு நிறத்துடன் இரும்பு வாடை அடித்தால் துரு. தெருக்குழாயில் நேரே பிடித்த தண்ணீர் தெளிவாகவும் மாடித் தொட்டித் தண்ணீர் கலங்கலாகவும் இருந்தால் குற்றம் தொட்டியில் இருக்கிறது. கறுத்த நிறமும் சாக்கடை நாற்றமும் சேர்ந்து வந்தால் அதை வடிகட்ட முயலவே கூடாது. கழிவு நீர் கலந்துவிட்டது என்று பொருள். உடனே புகார் செய்யவேண்டிய தண்ணீர் அது.

நீரேற்று நிலையத்தில் நடப்பது என்ன?

பர்வதி, வார்ஜே, வட்காவ் முதலிய இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களில் நடக்கும் வேலை பெரிய மர்மம் அல்ல. பாட்டி காலத்தில் குடத்தில் படிகாரம் சுற்றிய அதே தத்துவம்தான். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. ஒன்றையொன்று விலக்கும் மின்தன்மை கொண்டவை. ஆகவே நாள்கணக்கில் வைத்தாலும் தாமாக அடியில் இறங்குவதில்லை. படிகாரம் போன்ற ரசாயனம் அந்த விலக்கத்தை நீக்குகிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு பஞ்சுபோல் திரண்டு கனம் ஏறி அடியில் படிகின்றன. மேலே நிற்கும் தண்ணீர் மணல் படுகை வழியாக வடிகட்டப்படுகிறது. கடைசியில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள்.

இந்த வரிசைதான் முக்கியம். முதலில் மண் போகவேண்டும். பிறகுதான் குளோரின். கலங்கிய தண்ணீரில் நேரே குளோரினைப் போட்டால் அதன் சக்தியில் பெரும் பகுதியை மண்ணும் தாவரக் கசடும் விழுங்கிவிடும். மண் துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகள் தப்பிவிடும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ம் ஆண்டுக் குடிநீர் விதி, கலங்கல் 1 என்.டி.யு. அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 5 வரை பொறுத்துக் கொள்ளலாம். கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிற தண்ணீர் பெரும்பாலும் அந்த 5-ஐத் தாண்டியதாகவே இருக்கும். மேலும், லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் குழாய்த் தண்ணீரில் மிச்சம் இருக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. வழியில் புகும் கிருமிகளுக்கு அதுதான் காவல்.

2025 ஜனவரியில் நடந்தது

2025 ஜனவரியில் புனே ஆஸ்பத்திரிகளில் ஒரே மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்கினர். முதலில் சில நாள் வயிற்றுப்போக்கு. பிறகு கால்கள் துவண்டன. கைகள் துவண்டன. சிலருக்கு மூச்சு விடவும் முடியாமல் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்த நேர்ந்தது. கில்லன் பாரே நோய் அது. சுருக்கமாக ஜி.பி.எஸ். என்பார்கள். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் தற்காப்புச் சக்தி, திசை மாறித் தன் நரம்புகளையே தாக்குவதால் உண்டாவது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற நோய் அல்ல. பெரும்பாலோர் குணமடைந்து விடுவார்கள். ஆனால் அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். தினக்கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரிய நோய் என்று கருதப்பட்ட அது அந்த ஆண்டின் தொடக்க வாரங்களிலேயே 200-க்கு மேற்பட்டோரைத் தாக்கியதாகக் கணக்கிடப்பட்டது. சிலர் உயிரிழந்தனர். நோயாளிகளில் பலர் சிங்ககட் சாலையை ஒட்டிய நாந்தேட் கிராமம், கிர்கட்வாடி, தாயரி, கடக்வாஸ்லா பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மராத்வாடாவில் உள்ள நாந்தேட் நகரம் வேறு, இந்தக் கிராமம் வேறு. மாநில அரசு நிபுணர் குழுவை அமைத்தது. மத்திய அரசும் ஒரு குழுவை அனுப்பியது. புனேயிலேயே உள்ள தேசிய வைராலஜி நிலையம் நோயாளிகளின் மலத்தைச் சோதித்ததில் காம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாவும் நோரோ வைரஸும் சிலரிடம் தென்பட்டன. இரண்டுமே அசுத்தமான நீராலும் உணவாலும் பரவக் கூடியவை.

தண்ணீர் ஒன்றுதான் காரணமா, சரியாக வேகாத கோழி இறைச்சியும் காரணமா என்ற விவாதம் அப்போது எழுந்தது. காம்பிலோபாக்டர் கோழிகளின் குடலில் சாதாரணமாக வாழும் கிருமி என்பதால் அந்தச் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த விவாதத்தின் நடுவே வெளிவந்த ஒரு விஷயம் யாரும் மறுக்க முடியாதது. அந்தக் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் கண்டதில்லை. அணையின் நீர் ஒரு கிணற்றுக்கு வந்து, அதில் பிளீச்சிங் பவுடர் கலந்து, அப்படியே குழாயில் விடப்பட்டது. மண்ணை நீக்காமல் குளோரின் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பது மேலே கூறப்பட்டது.

அதோடு முடியவில்லை. குழாய்த் தண்ணீரை நம்பாதவர்கள் காசு கொடுத்து வாங்கிய 20 லிட்டர் கேன் தண்ணீரும் கைவிட்டது. தனியார் ஆர்.ஓ. நிலையங்களின் தண்ணீரைச் சோதித்த மாநகராட்சி, குடிக்கத் தகாதது என்றும் அனுமதி இல்லை என்றும் பல்வேறு காரணங்களைக் கூறி பிப்ரவரியில் சுமார் 30 நிலையங்களுக்குச் சீல் வைத்தது. கண்ணாடிபோல் தெளிவாக இருந்த தண்ணீர்தான் அதுவும்! வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பதைப்போல, தெளிந்ததெல்லாம் நல்ல நீர் அல்ல.

ஊர் சேர்ந்தது, குழாய் சேரவில்லை

இந்த நிலை ஏன் வந்தது? 2017-ல் 11 கிராமங்களும் 2021-ல் 23 கிராமங்களும் புனே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. தாயரி முதல் பட்டியலில் இருந்தது. நாந்தேட், கிர்கட்வாடி, கடக்வாஸ்லா இரண்டாம் பட்டியலில் வந்தன. கிராமப் பஞ்சாயத்து என்ற பெயர்ப்பலகை இறங்கி மாநகராட்சிப் பலகை ஏறியது. அடுக்குமாடிகள் எழும்பின. ஜனத்தொகை பெருகியது. ஆனால் கிணறு பழைய கிணறாகவே இருந்தது.

நகரின் நடுவில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள்தான் இப்படிப்பட்ட எல்லைப் பகுதிகளைத் தேடிப் போகிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த தொழிலாளியும், சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் குமாஸ்தாவும் வாடகை குறைவு என்று பார்க்கிறார்களே தவிர, குழாய்த் தண்ணீர் எந்த நிலையத்திலிருந்து வருகிறது என்று விசாரிப்பதில்லை. விசாரித்தாலும் சொல்வார் யார்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2022 மார்ச்சில் புனே மாநகராட்சியின் பதவிக் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடந்தது 2026 ஜனவரி 15-ந் தேதிதான். இடைப்பட்ட காலம் முழுவதும் அதிகாரி ஆட்சி. நோய் பரவியபோது வார்டு மக்கள் போய்க் கதவைத் தட்டுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எனவே கேட்பதற்கு ஆளில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

விட்டுவிட்டு வரும் தண்ணீரின் ஆபத்து

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல நீர் புறப்பட்டாலும் அது நல்ல நீராகவே வீடு வந்து சேரும் என்று சொல்வதற்கில்லை. ஒருநாளில் சில மணி நேரமே தண்ணீர் விடுவதால் மீதி நேரம் குழாய் காலியாகக் கிடக்கிறது. காலிக் குழாயில் அழுத்தம் இல்லை. விரிசல் வழியாக வெளியே இருக்கும் சேறும் சாக்கடையும் உள்ளே இழுக்கப்படுகின்றன. மறுபடி தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுகிறவர்கள் இந்த ஆபத்தை இன்னும் பெருக்குகிறார்கள். மோட்டார் தண்ணீரை மட்டும் உறிஞ்சுவதில்லை. பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சித் தெரு முழுவதற்கும் பங்கு போடுகிறது.

பிம்பிரி சிஞ்ச்வட்டில் 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் விநியோகம் தொடங்கியது. புனேயில் 24 மணி நேரமும் சீரான அழுத்தத்தில் தண்ணீர் தருவதற்காக 82 தொட்டிகள், 1,500 கிலோமீட்டருக்கு மேல் புதிய குழாய்கள் என்று பெரிய திட்டம் தீட்டப்பட்டது. குறித்த காலத்தில் அது முடியவில்லை. அத்திட்டத்தைத் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு மட்டும் பரிகாரம் என்று எண்ணுவது தவறு. குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் அழுக்கு உள்ளே புக முடியாது. ஆகவே அது சுகாதாரத் திட்டமும் ஆகும்.

அழுக்கு புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தூர் சாட்சி. இந்தியாவின் மிகத் தூய்மையான நகரம் என்று ஆண்டுதோறும் பரிசு வாங்கிய ஊர் அது. 2025 டிசம்பர் இறுதியில் அங்குள்ள பகீரத்புரா பகுதியில் குடிநீர்க் குழாயில் கழிவு நீர் கலந்து, வயிற்றுப்போக்கினால் பலர் மாண்டனர். தெருவைப் பெருக்கிப் பரிசு வாங்கலாம். மண்ணுக்கு அடியில் கிடக்கும் குழாயைப் பார்த்துப் பரிசு கொடுப்பார் இல்லை.

மணல் வடிகட்டி காத்த நகரம்

வடிகட்டுதலின் அருமையை உலகுக்கு உணர்த்திய சம்பவம் 1892-ல் ஜெர்மனியில் நடந்தது. எல்பே நதிக்கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்ற இரு நகரங்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. இரண்டும் அதே நதியின் தண்ணீரைத்தான் குடித்தன. ஹாம்பர்க் நகரின் கழிவு கலந்த பிறகு கீழே எடுக்கப்பட்ட தண்ணீர் ஆல்டோனாவுடையது. நியாயமாகப் பார்த்தால் ஆல்டோனாதான் அழிந்திருக்க வேண்டும். ஆனால் காலராவில் ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் மாண்டார்கள். ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. காரணம், ஆல்டோனா மெதுவான மணல் படுகையில் தண்ணீரை வடிகட்டி விநியோகித்தது. ஹாம்பர்க் வடிகட்டவில்லை. மறு ஆண்டே ஹாம்பர்க்கும் வடிகட்டும் நிலையத்தைத் திறந்தது.

தமிழர்களுக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1872 முதல் செங்குன்றம் ஏரியின் தண்ணீர் கால்வாய் வழியாகச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. வடிகட்டாத தண்ணீர் அது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டும் நிலையம் அமைந்த பிறகே சென்னைக் குழாய்களில் வடிகட்டிய நீர் வந்தது. அந்த வேலையை முன்னின்று செய்த எஞ்சினீயர் மேட்லியின் பெயரைத் தியாகராய நகரில் ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னை செய்துகொண்டதை, 2025-ல் புனேயின் எல்லைக் கிராமங்கள் இன்னும் பெறாமல் இருந்தன என்பது வெட்கத்திற்குரியது.

வீட்டு வடிகட்டியால் முடிந்ததும் முடியாததும்

இனி வீட்டுக்கு வருவோம். குழாயில் கட்டும் துணியை ஏளனம் செய்யவேண்டாம். வங்காள தேசத்துக் கிராமங்களில் பழைய புடவையை நான்கைந்து மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் செய்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2003-ல் வெளியான முடிவின்படி காலரா 48 சதவிகிதம் குறைந்தது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களோடு ஒட்டிக்கொண்டு வருவதால் துணியில் அவை சிக்கிக் கொண்டன. பலமுறை துவைத்த பழைய துணியின் நூல் தளர்ந்து துளைகள் சிறுத்திருப்பதால் புதுத் துணியைவிட அது மேலானது. ஆனால் எல்லாக் கிருமிகளும் அப்படி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. தினமும் துவைத்து வெயிலில் காய வைக்காத துணி, தானே கிருமி வளரும் இடமாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கடையில் விற்கும் கசடு வடிகட்டியில் வெள்ளை நூல் சுற்றியதுபோன்ற உருளை இருக்கும். சாதாரணமாக அது 5 மைக்ரான் அளவு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மண்ணையும் துருவையும் பிடிக்க இது நல்ல சாதனம். ஆனால் காம்பிலோபாக்டர் கிருமியின் பருமன் அரை மைக்ரான் அளவுதான். நோரோ வைரஸ் அதிலும் மிகச் சிறியது. வடிகட்டியின் துளையைவிட நூறு மடங்குக்கு மேல் நுண்ணியது. வலையில் மீனைப் பிடிக்கலாம், கொசுவைப் பிடிக்க முடியுமா? உருளை பழுப்பாகிவிட்டால் அதை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டால் தண்ணீரின் வேகமும் குறையும், அழுக்கும் ஊறும்.

புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் கருவி உண்டு. தண்ணீர் கலங்கலாக இருந்தால் கதிர் ஊடுருவாது. ஆகவே அதற்கு முன்னால் கசடு வடிகட்டி அவசியம். ஆர்.ஓ. கருவி உப்பை நீக்கப் பிறந்தது. மலை மழையில் நிரம்பும் அணை நீரில் உப்பு குறைவு. அதற்கு ஆர்.ஓ. பெரும்பாலும் அநாவசியம். வடித்துத் தரும் நீரைவிடச் சாக்கடையில் கொட்டும் நீர் அதிகம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான நீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டதும் இதனால்தான். ஆழ்துளைக் கிணற்று நீரையும் டாங்கர் நீரையும் நம்பியிருக்கும் கட்டடங்களின் நிலை வேறு. அங்கே முதலில் நீரைச் சோதித்துப் பார்த்து, அதன் பிறகு கருவி வாங்குவதே புத்திசாலித்தனம்.

அதிகச் செலவில்லாத வழி

ஓர் அறை வீட்டில் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை. தண்ணீர் வந்தவுடன் முதலில் வரும் கலங்கலைக் குடிக்கப் பிடிக்காமல் கழுவுவதற்கு ஒதுக்கவேண்டும். பிறகு மடித்த துணி வழியாகக் குடத்தில் பிடிக்கவேண்டும். கலங்கல் அதிகமானால் படிகாரக் கட்டியைத் தண்ணீரில் சிலமுறை சுற்றிவிட்டு எடுத்து விடலாம். 20 லிட்டருக்கு அரை கிராம் அளவு கரைந்தாலே போதுமானது. ஓரிரண்டு மணி நேரம் அசையாமல் வைத்து, மேல் நீரை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ள வேண்டும். புனே மளிகைக் கடைகளில் படிகாரத்துக்குப் பெயர் துரட்டி. மாங்காய் பறிக்கும் துறட்டி என்று நினைத்துக் கடைக்காரரைக் குழப்பவேண்டாம்! ஊரிலிருந்து கொண்டுவந்த தேத்தாங்கொட்டை இருந்தால் பானையின் உட்புறத்தில் உரசினாலும் மண் படியும்.

இதோடு நிறுத்துகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இதுவரை செய்தது மண்ணை நீக்கும் வேலை மட்டுமே. கிருமி அப்படியே இருக்கிறது. தெளிந்த நீரைக் கொதிக்க வைக்கவேண்டும். வெதுவெதுப்பாகச் சூடாக்குவது பயன் தராது. குமிழிகள் தளதளவென்று எழும்பி ஒரு நிமிடமாவது கொதிக்கவேண்டும். காஸ் செலவுக்கு அஞ்சுகிறவர்கள் குளோரின் திரவமோ மாத்திரையோ வாங்கி, உறையில் எழுதியுள்ள அளவில் கலந்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். காய்ச்சிய நீரை மூடி வைத்து, கையை விடாமல் கைப்பிடி உள்ள பாத்திரத்தால் மொள்ள வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு டம்ளரைக் குடத்துக்குள் முக்கி எடுத்தால் பாடுபட்டதெல்லாம் வீண்.

அடுக்குமாடிச் சங்கங்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது, முக்கியமாக மழைக்கு முன்பும் பின்பும், தொட்டிகளைக் கழுவ வேண்டும். குளோரின் மிச்சத்தைப் பார்க்கும் சிறிய சோதனைப் பெட்டியின் விலை அதிகமல்ல. ஒரு கட்டடத்துக்கு ஒன்று இருந்தால் போதும். சோதனையில் நிறமே மாறவில்லை என்றால் குழாய் நீரில் காவல் இல்லை என்று அர்த்தம்.

கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டும்

வீட்டுக்காரன் இவ்வளவும் செய்யலாம், செய்யவும் வேண்டும். அதனால் மாநகராட்சியின் கடமை தீர்ந்துவிடாது. பணம் உள்ளவன் கருவி வாங்கிக் கொள்கிறான். கேன் வாங்குகிறவன் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதியை அதற்கே கட்டுகிறான். ஒன்றும் முடியாதவன் துணியைக் கட்டிக்கொண்டு கடவுள்மேல் பாரத்தைப் போடுகிறான். ஒரே நகரத்தில் மூன்றுவிதக் குடிநீர் இருப்பது நியாயமா?

இணைக்கப்பட்ட கிராமங்கள் அனைத்துக்கும் மணல் வடிகட்டலுடன் கூடிய சுத்திகரிப்பு வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் எடுக்கப்படும் நீர்ச் சோதனையின் முடிவை வார்டு அலுவலக வாசலில் எழுதி ஒட்டவேண்டும். கேன் நிலையங்களை நோய் வந்த பிறகு பூட்டுவதை விட்டு, மாதந்தோறும் சோதிக்கவேண்டும். உடைந்த குழாய்ப் புகாரைச் சில நாள்களுக்குள் கவனிக்கும் ஏற்பாடு வேண்டும். இவை நடக்க முடியாத கோரிக்கைகள் அல்ல.

மொழி தெரியாது என்று தமிழர்கள் ஒதுங்கி நிற்பதும் சரியல்ல. பகுதி அலுவலகத்துக்கு க்ஷேத்ரீய கார்யாலயம் என்று பெயர். "கடூள் பாணி யேதே" என்றால் கலங்கல் நீர் வருகிறது என்று பொருள். "பாண்யாலா வாஸ் யேதோ" என்றால் தண்ணீரில் நாற்றம் அடிக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களும் எழுதிய காகிதத்தில் தெருவாசிகள் பத்துப் பேர், மராத்தியர் தமிழர் பேதமின்றி, கையெழுத்திட்டுக் கொடுத்துப் புகார் எண்ணையும் வாங்கிக் கொண்டால் அதை அலுவலகம் எளிதில் தள்ளிவிட முடியாது. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவோடு இந்த உதவியையும் மேற்கொள்ளலாம். மொழி தெரிந்த ஓர் இளைஞர் வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்கள் பயன்பெறும்.

ஆண்டுதோறும் மழை வரும். அணை நிரம்பும். குழாயில் செம்மண் நிறமும் வரும். அது இயற்கை. அந்த நீர் வடிகட்டாமல் ஒரு கிராமத்தின் குழாய்க்குள் போவது இயற்கை அல்ல, நிர்வாகத்தின் குறை. 2025 ஜனவரியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கால் அசையாமல் கிடந்தவர்களில் பலர் குடித்தது கண்ணுக்குத் தெளிவான தண்ணீராகவே இருந்திருக்கலாம். புதிதாகப் பதவி ஏற்ற மாநகராட்சி உறுப்பினர்கள் அதை மறந்துவிடாமல் பார்த்துக் கொள்வது வாக்களித்தவர்களின் பொறுப்பு.